செல்ஃப் எடுக்கலையா சார்?

பழைய கார் ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கர் பண்ணுவதே இல்லை. திங்கட்கிழமை காலை எட்டே முக்கால், ஒன்பதரைக்கு ஆபீஸில் மீட்டிங், சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை... சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் மௌனம்.

எங்கிருந்துதான் வருவார்களோ, அடுத்த நிமிஷம் நாலு பேர் கூடிவிடுவார்கள். "பேட்டரி போச்சு சார்" என்பார் பால்காரர். "பிளக்கைக் கழட்டித் துடைங்க" என்பார் மாடி வீட்டு ரிட்டயர்டு தாசில்தார். "சோக் இழுத்தீங்களா?" என்பார் அந்தப் பக்கமாக சைக்கிளில் போனவர். "பேசாம வித்துடுங்க மாப்ளே" என்பார் மச்சான். நாலு யோசனையுமே தப்பாக இருக்கலாம். ஏனென்றால் வண்டி போட்ட அந்தச் சத்தத்தை நாலு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பழைய கார் என்று நான் சொல்வது, பானெட்டைத் திறந்தால் எஞ்சின் கண்ணுக்குத் தெரிகிற ரகம். கார்புரேட்டர் வைத்த அம்பாசடர், பத்மினி, ஆரம்ப கால மாருதி 800. இவற்றில் எதுவுமே இன்று தயாராவதில்லை. அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-ல் விடைபெற்றன. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ரோட்டை விட்டு இறங்கியது. ஆனாலும் 'அப்பா ஓட்டின வண்டி' என்று ஷெட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களுக்காக. (கம்ப்யூட்டர் வைத்த புதுக் கார்க்காரர்கள் அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போய்விடலாம்.)

முதலில் காது. சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் சுற்றுகிறதா இல்லையா? 'டிக்' என்று ஒற்றைச் சத்தம், அல்லது 'டகடகடக' என்று தந்தி அடிக்கிற சத்தம், அல்லது 'ஊ...ஊ...' என்று முனகல். மூன்றுமே கரன்ட் விவகாரம். இங்கே பெட்ரோலையோ, பிளக்கையோ தொடுவது தலைவலிக்குக் காலில் தைலம் தேய்க்கிற கதை. மாறாக, 'கிர்ர்ர் கிர்ர்ர்' என்று ஜோராகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி உத்தமன். குற்றவாளி வேறு இடத்தில்.

"ஹாரன் அடிக்குதே, லைட் எரியுதே, அப்புறம் பேட்டரி எப்படி வீக்காகும்?" நியாயமான கேள்வி. ஹெட்லைட் பல்பு ஒன்றுக்கு ஐந்து ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். பத்து ரூபாய் கைமாற்று கொடுக்கிறவர் எல்லாம் கல்யாணச் செலவுக்குக் கொடுப்பாரா?

அதனால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். லைட் சட்டென்று செத்துப் போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரியின் முனையில் பிடிப்பு இல்லை. லைட் ஜம்மென்று எரிந்துகொண்டே இருக்க வண்டி சும்மா இருந்தால், செல்ஃப் மோட்டார், அதன் சாலினாய்ட், இக்னிஷன் ஸ்விட்ச், இவற்றுக்குப் போகும் ஒயர் என்று தேட வேண்டும். கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் உத்தமம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி ஃபுல். 12-க்குக் கீழே என்றால் படுத்துவிட்டது.

என் நண்பர் ஒருவர், பேங்க் உத்தியோகம், அப்பாவின் பத்மினியை வைத்திருக்கிறார். அது 'டிக்' என்றது. ஒரு ஒர்க் ஷாப்பில் பேட்டரியை மாற்றினார்கள். இரண்டு நாள் ஓடி மறுபடி 'டிக்'. செல்ஃபைக் கழற்றி காயில் கட்டினார்கள். அதற்கும் மசியவில்லை. பத்தாயிரத்துக்கு மேல் கரைந்ததும் வீட்டில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. காயலான் கடைக்காரர் விலையும் பேசிவிட்டார். அம்மா மட்டும், "அவர் வாங்கின வண்டிடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வியாதி எங்கே இருந்தது தெரியுமா? எஞ்சினையும் பாடியையும் சேர்க்கிற எர்த் பட்டையில். எஞ்சின் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியிலிருந்து போன கரன்ட் திரும்பி வர இந்தப் பட்டைதான் வழி. அதன் போல்ட்டுக்கு அடியில் துரு. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கியதும் முதல் சாவியிலேயே எடுத்துக்கொண்டது. பேட்டரி மாற்றியவர் அந்த போல்ட்டைத் தொட்டே பார்க்கவில்லை. பேட்டரி விற்றால் லாபம். உப்புத்தாளில் என்ன லாபம்?

பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். பாடியோடு சேர்ந்த ஒயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுவது முக்கியம். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீபாவளி.

சரி, செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால் நெருப்பு வரவில்லை, அல்லது நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதிமிதியென்று மிதித்து உள்ளே வெள்ளக்காடு பண்ணிவிட்டீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் ஒரு மடக்கு பெட்ரோலை உள்ளே பீய்ச்சும். வெள்ளம் என்றால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுசாக ஒரே அமுக்காக அமுக்கிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பத்து செகண்டுக்கு மேல் வேண்டாம். அரை நிமிஷம் மூச்சு விடட்டும், அப்புறம் இன்னொரு தடவை.

நெருப்பு வராததற்கு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் வைத்த வண்டி என்றால் முதல் சந்தேகம் பாயின்ட் மேல்தான். கருகியிருக்கும், அல்லது இடைவெளி மாறியிருக்கும். சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடம் அது. மழைக்காலத்தில் அதைவிடச் சுலபமான காரணம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம். கழற்றிக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ஐப்பசி அடைமழையில் இதற்காகவே பிழைப்பு நடத்திய மெக்கானிக்குகள் உண்டு.

இங்கே கொஞ்சம் கோபமாக ஒன்று. கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி, "இப்ப அடிங்க சார்!" என்று தைரியமாகக் குனிந்து பார்க்கிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் ஒருதடவை பின்னுக்கு உமிழ்ந்தால் ஜுவாலை வருவது அந்தக் குழாய் வழியாகத்தான். புருவம் போனால் முளைக்கும். கண்? உங்கள் வண்டியில் யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள். மீட்டிங் போனால் போகட்டும்.

அக்னி நட்சத்திரத்தில் இன்னொரு நாடகம். வீட்டில் நல்லபடியாகக் கிளம்பிய வண்டி, வழியில் டீ குடிக்க நிறுத்தினால் எடுக்காது. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப் காற்றை விழுங்கிக்கொண்டிருக்கும். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டு, பானெட்டைத் திறந்து வைத்து, இரண்டாவது டீ சொல்லுங்கள். ஆறியதும் தானாக வரும்.

புதுசாகச் சேர்ந்திருப்பது எத்தனால். 2025-க்குள் நாடு முழுக்கப் பங்க்குகளுக்கு 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. இந்த வண்டிகளின் ரப்பர் குழாயும் பம்பின் ஜவ்வும் அந்தக் காலத்துப் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்தவை. உப்பும், வெடிக்கும், பிசிறு போய் ஜெட்டை அடைக்கும். எத்தனால் தண்ணீரையும் உறிஞ்சும். எனவே எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். மாசக்கணக்கில் நிற்கிற வண்டியானால் பழைய பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள்.

எதுவும் நடக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது தள்ளு. செகண்ட் கியர், கிளட்சை மிதித்துக்கொள்ளுங்கள், வேகம் வந்ததும் சட்டென்று விடுங்கள். பால்காரர், தாசில்தார், மச்சான் மூவரும் தெருக்கோடி வரை மூச்சிரைக்கத் தள்ளிவிட்டு நிற்கும்போது, சாவி ஆன் பண்ணியிருக்கிறதா என்று ஒருதடவை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே பெட்ரோல் இருக்கிறதா என்றும். பழைய வண்டிகளில் அந்த முள் எப்போதும் அரை டேங்க்தான் காட்டும்.