கேள்வித்தாளுக்கு இரண்டு மொழி, புத்தகத்துக்கு ஒன்றா?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் அறிவியல் கேள்வித்தாளைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு கேள்வியும் தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை அச்சாகியிருக்கும். பிள்ளைகளின் நிலைமை தேர்வு நடத்துகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் வருஷம் முழுக்க அந்தப் பிள்ளை சுமக்கிற புத்தகம் மட்டும் ஏன் ஒற்றை மொழியில் இருக்கிறது?

2012-13லிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. பெற்றோர் விரும்பித்தான் சேர்த்தார்கள், அதில் தவறே இல்லை. காசுள்ளவர் பிள்ளை கான்வென்டுக்குப் போகலாம், மேலூர்க்காரர் பிள்ளைக்கு மட்டும் இங்கிலீஷ் கூடாதா? தமிழ்வழியா ஆங்கிலவழியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளையை ஆறாவதில் ஆங்கிலப் பிரிவில் உட்கார வைத்துவிட்டு, அதோடு கடமை முடிந்தது என்று இருக்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

வகுப்பில் நடப்பது இதுதான். ஆசிரியர் தமிழில் விளக்குகிறார், ஆங்கிலத்தில் நோட்ஸ் கொடுக்கிறார், பிள்ளை உருப்போடுகிறது. சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'போட்டோசிந்தசிஸ்' என்றால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். "தொட்டிச் செடியை இருட்டறையில் வைத்தால் என்ன ஆகும்?" என்றால் விழிப்பார்கள். 'ஒளிச்சேர்க்கை' என்று சொன்னவுடன் பாதிப் பாடம் அந்தச் சொல்லிலேயே விளங்கிவிடுகிறது. 'ஸ்பீட்', 'வெலாசிட்டி' இரண்டும் அவர்களுக்கு ஒன்றுதான். 'வேகம்', 'திசைவேகம்' என்று எழுதிப் போட்டால் வித்தியாசம் கண்ணில் படுகிறது. புரிந்த பிறகு ஆங்கிலச் சொல்லும் தானாக ஒட்டிக்கொள்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வீட்டில் தமிழ், பள்ளியில் கணக்கும் பூகோளமும் பிரெஞ்சில். எங்கள் பூகோள வாத்தியார் பாடம் தொடங்குமுன் பத்துப் புதுச் சொற்களைப் பலகையில் எழுதுவார், பக்கத்திலேயே படம் போடுவார், எல்லோரையும் வாய்விட்டுச் சொல்ல வைப்பார். பிறகுதான் பாடம். முகத்தைப் பார்ப்பார், புரியவில்லை என்றால் தமிழில் ஒரு வார்த்தை விழும். பாடம் நடத்துகிற எவரும் மொழி வாத்தியாரும்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய ஆசிரியருக்கு அந்தப் பயிற்சியும் நேரமும் யார் கொடுத்தார்கள்? போர்ஷனை முடி, ரிசல்ட் காட்டு என்றுதானே விரட்டுகிறோம்?

2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம், பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்கட்டும் என்கிறது. முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன் நான். 'இயன்றவரை' என்ற சொல் வந்தால் கோப்பு தூங்கிவிடும். அந்தச் சட்டமும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது.

ஆந்திராவில் ஆங்கிலவழிக்கு மாறியபோது, 2020-21லேயே, ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிர்ப்பக்கம் தெலுங்குமாகப் புத்தகம் அடித்துக் கொடுத்தார்கள். தெலங்கானாவும் அந்த வழிக்கு வந்தது. நம்மால் ஏன் முடியாது? நம் பாடநூல் கழகம் ஒரே பாடத்தை இரண்டு மொழியிலும் ஏற்கெனவே வெளியிடுகிறது. புதிதாக ஒரு வரி எழுத வேண்டாம், எதிரெதிராக அச்சடித்தால் போதும். கனம் கூடும் என்றால் இரண்டு தொகுதியாகப் பிரியுங்கள். மேல்நிலை வகுப்புக்குச் செய்கிறீர்களே!

தமிழ்ப் பக்கம் இருந்தால் பிள்ளை ஆங்கிலப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்காது என்பார்கள். இன்று மட்டும் பார்க்கிறதா? அது பார்ப்பது கடையில் வாங்கிய கைடைத்தானே!

பேரன் பேத்தி அரசுப் பள்ளியில் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று ஒன்று நடக்கிறது. அதில் இருக்கும் பெற்றோரிடம் சொல்லி, இருமொழிப் புத்தகம் வேண்டும் என்று தீர்மானம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். தாளில் எழுதிப் போனதற்கு யாராவது ஒருவர் பதில் எழுதியே ஆக வேண்டும்.