கணக்குக் கேட்டால் காசாசையா?

சீதனம் பேசேக்க ஒரு பவுனும் ஒரு பரப்புக் காணியும் விடாமல் கணக்குப் பார்க்கிற ஊர் இது. அதே ஊரில் விவாகரத்து வழக்கில் ஒரு பெண் கணவரின் வருமானத்தையும் சொத்தையும் கேட்டால், "அவளுக்குக் காசுதான் பெரிசு" எண்டு கதை வரும். இது என்ன நியாயம்?

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 614ஆம் பிரிவின்படி, வழக்கு நடக்கும் காலத்துக்கு மனைவி தாபரிப்புப் பணம் கேட்கலாம். அதற்குக் கணவரின் முந்திய 3 வருடச் சராசரி நிகர வருமானம் பார்க்கப்படும். அரச உத்தியோகம் எண்டால் சம்பளப் பட்டியல் இருக்கும். கடை, வான் ஓட்டம், வட்டிக்குக் கொடுத்த காசு எண்டால்? கணக்கு அவர் கையில், நிரூபிக்கிற பாரம் அவள் தலையில்.

இங்கிலாந்தில் இப்படியான வழக்கில் இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதி, 12 மாத வங்கிக் கூற்றுகளையும் இணைக்க வேணும். அங்கே அது கடமை. இங்கேயும் வழக்கின் தொடக்கத்திலேயே அப்படியொரு கடமை வேணும் எண்டுதான் நாங்கள் கேட்கிறோம். பெண்ணின் சம்பளம், நகை, சீதனக் காணியும் அதில் வரட்டும். ஒளிக்க ஒண்டும் இல்லாத ஆளுக்கு இதில் என்ன நட்டம்?

அதுவரைக்கும், வீட்டிலிருக்கும் காணி உறுதி, லீசிங் பத்திரங்களைப் பிரதி எடுத்து வையுங்கோ. காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கோ. எதிர்த்தரப்பின் ஆவணங்களை நீதிமன்றத்தினூடாகக் கோரும்படி சட்டத்தரணியிடம் கேளுங்கோ. வெட்கப்பட இதில் ஒண்டும் இல்லை.