கரண்டு பலவீனமா, கணக்கு பலவீனமா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் கட்டும் இளைஞர்களுக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரை ஒரே மந்திரத்தைத்தான் ஓதுகிறது: எதையும் பெரிசாக வாங்கு. பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கபாசிட்டர், பெரிய ஆம்பியர். 'இது என் அனுபவம்' என்கிறார் கட்டுரையாளர். அனுபவம் பேசட்டும். கணக்கையும் கொஞ்சம் பேசவிட்டிருந்தால் இந்த எதிர்வினைக்கு வேலையே இருந்திருக்காது.

முதலில் அவருடைய நகைச்சுவையைப் பார்த்துவிடுவோம். மலையில் கிடைப்பது நீர்மின்சாரமாம், அதனால் சுத்தமாம், பாட்டும் தெளிவாகக் கேட்குமாம். ரிங்லெட்டில் பெர்த்தாம் ஆற்றை மறித்து 1963-இல் எழுந்த சுல்தான் அபு பக்கார் அணையை அவர் நினைக்கிறார் போலும். அந்த நீர் சுரங்கத்தில் இறங்கி, ஜோர் நிலையத்தில் 100 மெகாவாட் வரை மின்சாரமாகி, நிலக்கரியும் எரிவாயுவும் தரும் மின்சாரத்தோடு ஒரே வலைப்பின்னலில் கலக்கிறது. பிளக்கில் வருவது எல்லாருக்கும் பொதுவான 50 ஹெர்ட்ஸ். டையோடு பிரிட்ஜைத் தாண்டியதும் அது நூறு ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கமாகும், மூலம் ஆறானாலும் அனலானாலும். ரிங்லெட் ஏரி பல ஆண்டுகளாகச் சேற்றோடு மல்லாடுகிறது. அந்தச் சேறு இவருடைய ஸ்பீக்கரில் கேட்கிறதா?

அடுத்தது நகைச்சுவை அல்ல. மலையில் கரண்டு பலவீனம், ஆகவே டிடிஏ 2050 சில்லுக்கு 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள் என்கிறார். 18-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 25, சில்லின் எல்லையும் 25 வோல்ட், கச்சிதம் என்று முடித்துவிடுகிறார். அந்த 18 என்பது முழுச் சுமையில் கிடைக்கும் அளவு. பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போது சிறிய டிரான்ஸ்ஃபார்மரில் அது பத்து விழுக்காடு ஏறுவது சாதாரணம். மலேசியாவில் 2008 முதல் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். அதிலிருந்து பத்து விழுக்காடு கூடலாம், ஆறு விழுக்காடு குறையலாம் என்பது விதி. அதாவது 216 முதல் 253 வரை எதுவும் வரலாம். ஊர் உறங்கி, சுமை குறைந்த நேரத்தில் 253 வந்தால் என்ன ஆகும்? 18 வோல்ட் 21.8 ஆகும். அதன் உச்சம் 30.8. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு டையோடு தின்பது போக மீதி 30.1. ஒவ்வொரு பக்கமும் 25-க்கு மேல் தாங்காத சில்லு அன்றிரவே போய்ச் சேரும். 15-0-15 போட்டிருந்தால் இதே மோசமான இரவில் 25-ஐத் தாண்டாமல் மயிரிழையில் பிழைத்திருக்கும்.

சரி, அவர் அஞ்சுகிறபடியே கம்பியின் கடைக்கோடி வீட்டில் மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் பத்து விழுக்காடு குறைத்துத்தான் கொடுக்கும். அதன் விகிதம் மாறாதே. கிடைக்கும் உச்ச ஒலி ஒரு டெசிபல்கூடக் குறையாது, காது அதைக் கவனிப்பதே கடினம். கேட்காத குறைவுக்குப் பயந்து, கொல்லும் கூடுதலுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.

'ஆம்பியர் ஏற ஏற பேஸ் ஏறும்' என்பது மூன்றாவது முத்து. ஆம்பியரை டிரான்ஸ்ஃபார்மர் திணிப்பதில்லை, ஸ்பீக்கர் கேட்டு வாங்குகிறது. ஒரு பக்கத்துக்கு 17 வோல்ட் வரை அலை போகும் ஆம்ப்ளிஃபயர், எட்டு ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 18 வாட் தரும். பின்னால் பத்து ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் நின்றாலும் அது 19 ஆகாது. கபாசிட்டருக்கும் இதே கதை. இரண்டு ஆம்பியர் இழுக்கும்போது 4,700 மைக்ரோஃபாரடில் ஏற்ற இறக்கம் நான்கு வோல்ட்டைத் தாண்டும், 10,000-இல் இரண்டு. அதற்கு மேல் கொட்டும் காசு, சுவிட்சைப் போட்டதும் பாயும் மின்னோட்டத்தைத்தான் பெருக்கும்.

லேப்டாப் அடாப்டரை அவர் 'இசைக்கு ஆகாத சனியன்' என்று சபிக்கிறார். பெயரளவில் 100 முதல் 240 வரை எது வந்தாலும் 19 வோல்ட்டை அசையாமல் தருவது அந்தச் சனியன்தான்! கரண்டு நிலையில்லை என்று பக்கம் பக்கமாக அழுதவர், நிலையாகத் தரும் பொருளைத் தூக்கி எறிகிறார். டிபிஏ 3116 ஆம்ப்ளிஃபயர் போர்டு 4.5 முதல் 26 வோல்ட் வரை ஏற்கும். சிரிம் தர முத்திரை உள்ள 19 வோல்ட் அடாப்டர் ஒன்றை இணைத்தால் லயத்து வீட்டில் மின்னல் எஃப்எம் கேட்க அதற்கு மேல் என்ன வேண்டும்? 230 வோல்ட் கம்பியைக் கையால் தொடும் வேலையும் இல்லை.

அவர் சொன்னதில் ஒன்று சரி. திருவிழாவில் மணிக்கணக்காக அலறவிடும் பெட்டிக்குத் தாராளமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மொத்த வாட்டைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு விஏ இருந்தால் சூடேறாமல் ஓடும். ஆனால் வோல்ட்டைத் தீர்மானித்த பிறகு வரவேண்டிய கேள்வி அது. ஈப்போவிலோ கோலாலம்பூர் ஜாலான் பாசாரிலோ கடையில் போய் நிற்கும் பையன் 'எத்தனை ஆம்பியர்?' என்று தொடங்கக்கூடாது. சில்லு தாங்கும் உச்ச வோல்ட் எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

இதுவரை சொன்ன தவறுகளுக்கு விலை சில ரிங்கிட். கட்டுரையின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: உறுமல் நிற்காவிட்டால் மூன்று பின் பிளக்கில் எர்த் கம்பியை வெட்டிவிடுங்கள். இதற்கு விலை உயிர். ஈரம் உலராத மலைக் காற்றில் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு என்றாவது பழுதாகி, 230 வோல்ட் இரும்புப் பெட்டிக்கு வந்தால், எர்த் இருக்கும் வரை ஃபியூஸ் போகும், கதை முடியும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி பேசாமல் உட்கார்ந்திருக்கும், கொழுந்து பறித்துவிட்டு ஈரக் காலோடு வந்து வால்யூமைத் திருப்பும் அம்மாவின் கைக்காக. உறுமலுக்கு வழி வேறு: கபாசிட்டரை நிரப்பும் மின்னோட்டமும் இன்புட்டின் தரைக்கம்பியும் ஒரே வழியில் போகக்கூடாது, தரைகளை ஒரே புள்ளியில் கூட்டுங்கள், பெட்டியை எர்த்தோடு நேராகவும், சிக்னல் தரையை அந்தப் பெட்டியோடு பத்து ஓம் ரெசிஸ்டர் வழியாகவும் இணையுங்கள்.

கட்டுரையாளரே, 18-0-18-ஐ நீங்கள் கட்டிக்கொண்டு அழுங்கள், நீர்மின்சாரத்தின் சுத்தத்தை ரசியுங்கள், ஆட்சேபணை இல்லை. அடுத்த இதழில் அந்த எர்த் வரியை மட்டும் உங்கள் பெயரிலேயே திரும்பப் பெறுங்கள். அதைப் படித்துவிட்டு யாரோ ஒரு பையன் கட்டிங் பிளேயரோடு உட்கார்ந்திருக்கக்கூடும்.