பழைய கணினியும் தொலைக்காட்சித் திரையும்

பழைய கணினியைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் சற்றுப் பொறுங்கள் என்பதே எங்கள் கட்சி. எங்களிடமுள்ள கணினி நிறையத் திஸ்கி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகள். அதன் திரை பழுதாகிவிட, வீட்டுத் தொலைக்காட்சியை நாடினோம். கணினியில் இருப்பதோ 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ இணைப்பு. தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ மட்டுமே. இருமுனைக்கும் பொருந்தும் வெறும் கேபிளொன்றைக் கடையில் தந்தார்கள். படம் வரவில்லை. வராதுதான்! முன்னது அனலாக், பின்னது டிஜிட்டல். நடுவே மொழிபெயர்ப்பாளர் வேண்டாமா? யுஎஸ்பி வழி மின்சாரம் பெறும் சிறு மாற்றிப்பெட்டியே அப்பணியைச் செய்தது. விஜிஏ ஒலியைச் சுமக்காது. அதற்குத் தனிக் கேபிள்.

படம் வந்தபின்னும் எழுத்துகள் பக்கவாட்டில் பருத்துக் கிடந்தன. 4:3 படத்தை 16:9 திரை இழுத்துவிட்டிருந்தது. ஓரத்து வரிகளும் வெட்டுண்டிருந்தன. தொலைக்காட்சியில் பட அளவை மாற்றவே சீராயிற்று.

கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் போதாதா என்பீர்கள். மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றியதில் எங்கே கொம்பு தவறியது, எங்கே புள்ளி விழுந்தது என்று ஒப்புநோக்க, எழுதியபடியே காட்டும் பெட்டி ஒன்று வேண்டுமே. புதிய கணினியில் அக்கோப்புகள் கிறுக்கல்களாகவே விரிகின்றன. மாற்றிப்பெட்டிக்கு நாங்கள் கொடுத்தது ஒரு நாவலின் விலைதான்.