தராசைப் பார்க்கக் கற்றோம், ரவுட்டரையும் பார்க்கக் கற்போம்



கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசை யார் பார்ப்பது என்பது நம் தோட்டங்களில் பழைய சண்டை. சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று கிலோ குறையும்போதெல்லாம், முள் எங்கே நிற்கிறது என்று எங்களுக்கும் காட்டுங்கள் என்று நின்று கேட்டவர்கள் நம் தாய்மார். இன்று நம் காம்பராக்களுக்குள் இன்னொரு நிறுவைப் பெட்டி வந்திருக்கிறது. ரவுட்டர் என்கிறோம், வைஃபை பெட்டி என்கிறோம். மாதா மாதம் நாம் கட்டும் காசுக்குரிய டேட்டா முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. அதன் முள்ளை நம்மில் அநேகர் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பதே நாம் இங்கே சொல்ல வருவது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் போனுக்குள் போய்விட்டது. சிக்னல் தேடி நம் பிள்ளைகள் மலை உச்சிக்கும் பாறைக்கும் ஏறினார்கள். அந்த நாட்களுக்குப் பிறகு பல குடும்பங்கள் கடன் பட்டாவது, தோட்டை அடகு வைத்தாவது ஒரு ரவுட்டர் வாங்கின. இன்று சாதாரண தரமும் உயர்தரமும் எழுதும் பிள்ளைக்கு வினாத்தாள் வருவதும், கொழும்பில் கடையில் நிற்கும் மகன் பேசுவதும், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் அம்மா தன் பிள்ளையின் முகம் பார்ப்பதும் இதன் வழியாகத்தான். இதை ஆடம்பரம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நம் தோட்டத் தலைவி ஒருவரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு மாதத்துக்குப் போட்ட டேட்டா பத்தாம் நாளே முடிந்தது. அடுத்த மாதமும் அப்படியே. சாதாரண தரத்துக்குப் படிக்கும் மகள்தான் படம் பார்த்தே முடிக்கிறாள் என்று அடி விழுந்தது. அவளுடைய போனை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். மூன்றாம் மாதம், போன் பூட்டிக் கிடக்கும்போதே டேட்டா முடிந்தது. நம் இளைஞர் அணியினர் போய் ரவுட்டரின் கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது 14 போன்கள் அதில் இணைந்திருந்தன. வீட்டில் இருப்பதோ மூன்று. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லை வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. யாரோ ஒரு நாள் அந்த ஸ்டிக்கரைப் படம் பிடித்திருக்கிறார்கள். அது லயம் முழுக்கப் போயிருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றிய மாதம் டேட்டா கடைசி நாள்வரை நின்றது. அந்தப் பிள்ளை வாங்கிய அடிக்கும், படிக்காமல் போன மூன்று மாதத்துக்கும் யார் பதில் சொல்வது?

இப்படி நடப்பதற்குக் காரணம், பெட்டியை நம்மிடம் விற்கிறார்கள், அதைப் பற்றிச் சொல்லித் தருவதில்லை. ஆகவே தெரிந்ததை இங்கே எழுதுகிறோம். வாசிக்கத் தெரிந்தவர்கள் வீட்டிலும் பக்கத்துக் காம்பராவிலும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலாவது, வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. ஊற்றிலிருந்து தொட்டிக்கு ஒரு குழாய் வருகிறது. தொட்டியிலிருந்து பீலிக்கு இன்னொரு குழாய் வருகிறது. ரவுட்டர் அந்தத் தொட்டி போல. டவரிலிருந்தோ கம்பியிலிருந்தோ பெட்டிக்கு வருவது முதற்குழாய். பெட்டியிலிருந்து போனுக்கு வரும் வைஃபை இரண்டாவது குழாய். போனில் வைஃபை அடையாளம் முழுதாகத் தெரிந்தால் இரண்டாவது குழாய் சரி என்று மட்டுமே அர்த்தம். ஊற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று அது சொல்லாது. அதைப் பெட்டியில் உள்ள சிக்னல் விளக்கில்தான் பார்க்க வேண்டும். ஃபைபர் இணைப்பாக இருந்து, எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து வரும் இழையில் கோளாறு. பெட்டியைக் குடைந்து பயனில்லை, கம்பனிக்கு அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது, வைக்கும் இடம். நம் கூரைகள் தகரம். தகரம் சிக்னலைத் தடுக்கும். சிம் போடும் 4ஜி ரவுட்டரை அலுமாரிக்குள்ளும் டிவிக்குப் பின்னாலும் வைத்துவிட்டு வேகமில்லை என்று சொல்லக் கூடாது. டவர் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலோரம், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் வைத்து விளக்கைப் பாருங்கள். ஒரு ஜன்னலிலிருந்து மறு ஜன்னலுக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, பெட்டியின் கணக்குப் பக்கம். ஸ்டிக்கரில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 போன்ற ஓர் இலக்கம் இருக்கும். போனை அந்த வைஃபையில் இணைத்து, இன்டர்நெட் பார்க்கும் இடத்தில் அந்த இலக்கத்தை அடித்தால் பக்கம் திறக்கும். இதற்கு டேட்டா செலவாகாது, ஏனென்றால் அந்தப் பக்கம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அங்கே இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று வைஃபைக்கு, மற்றது அந்தப் பக்கத்துக்குள் நுழைய. இரண்டையும் மாற்றுங்கள், வெவ்வேறாக வையுங்கள். பிள்ளையின் பெயரும் போன் இலக்கமும் வேண்டாம், ஊகிக்க இலேசு. பாதுகாப்பு முறை என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். எத்தனை போன் இணைந்திருக்கிறது, எவ்வளவு டேட்டா போயிருக்கிறது என்பதையும் அநேகமான பெட்டிகளில் அங்கேயே பார்க்கலாம். அதுதான் நாம் சொன்ன முள். வாரம் ஒரு முறை பாருங்கள். கடவுச்சொல் மறந்துவிட்டால், ரீசெட் என்ற சிறு துளையில் ஊசியால் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பெட்டி பழைய நிலைக்குத் திரும்பும். ஸ்டிக்கரில் உள்ள கடவுச்சொல்லும் திரும்பி வந்துவிடும். மறக்காமல் மறுபடி மாற்ற வேண்டும்.

நான்காவது, வைஃபை இலவசம் என்று நம் போன் நினைத்துக்கொள்கிறது. அதனால் அப்டேட், படங்களைச் சேமித்தல் போன்ற பெரிய வேலைகளையெல்லாம் வைஃபை கிடைத்தவுடன் நம்மைக் கேட்காமலே செய்யும். அளந்து வாங்கும் டேட்டாவுக்கு இது பெரிய ஓட்டை. தானாக அப்டேட் ஆவதையும், வட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதையும் போனில் நிறுத்திவையுங்கள். யூடியூப் பாடத்தை 1080 இல் பார்ப்பதற்குப் பதிலாக 360 இல் பார்த்தால் பல மடங்கு மிச்சம். கரும்பலகை எழுத்து அதிலும் பெரும்பாலும் தெரியும். நள்ளிரவுக்குப் பின் மட்டும் பாவிக்கக்கூடிய டேட்டாவைச் சேர்த்துப் பெரிய கணக்காகக் காட்டும் பெக்கேஜ்களும் உண்டு. விடியற்காலையில் எழும்பி மலைக்குப் போகிற வீட்டுக்கு அந்த டேட்டாவால் என்ன பயன்? பகலில் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது, இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி நம் மலைகளில் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வானம் இருட்டும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். தொலைபேசிக் கம்பியில் வரும் இணைப்பென்றால் அந்தக் கம்பியையும் கழற்ற வேண்டும். இடி தொடங்கிய பிறகு கம்பியில் கை வைக்க வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு வார்த்தை. கம்பனி பெயர் போட்ட ரவுட்டர்களில் பல அந்தக் கம்பனியின் சிம்முக்கு மட்டுமே வேலை செய்யும். அந்தக் கம்பனியின் சிக்னல் நம் லயத்துக்கு வரவில்லை என்றால் பெட்டி வெறும் கல்தான். வெவ்வேறு கம்பனி சிம் உள்ள போன்களை நம் ஜன்னலில், எல்லோரும் பாவிக்கும் இரவு ஏழு எட்டு மணிக்கு வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பற்றுச்சீட்டு கேட்டால் கடைக்காரர் கொடுத்தாக வேண்டும். கேட்டு வாங்கி, உத்தரவாத அட்டையோடு பத்திரமாக வையுங்கள். சிம்மும் இணைப்பும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

இனி, நமக்குள்ளேயே கருத்து வேறுபடும் விடயத்துக்கு வருகிறோம். பூட்டிவிடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள் என்கிறார்கள் சிலர். தண்ணீரையும் தீயையும் பகிர்ந்த லயத்தில் வைஃபையை மட்டும் பூட்டுவதா என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தத் தலைவியின் வீட்டில் இணைந்த பதினொரு போன்களும் திருடர்களுடையவை அல்ல. அவற்றிலும் பாடம் தேடிய பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு குடும்பத்தின் நாட்சம்பளத்தை அதற்குத் தெரியாமல் கரைப்பதற்குப் பகிர்வு என்று பெயரில்லை. அந்த இணைப்பில் யாராவது தவறான காரியம் செய்தால், விசாரணை முதலில் வந்து நிற்பதும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான்.

நமது கருத்து இது: பூட்டுங்கள், தெரிந்து, பேசி, திறந்து கொடுங்கள். பல ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வைஃபை வைக்கலாம். அதற்குத் தனிக் கடவுச்சொல் போட்டு, பரீட்சைக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்து, பரீட்சை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். எந்த வீட்டுக்கும் பாரமில்லாத வழியும் உண்டு. ஒவ்வொரு டிவிசனிலும் வாசிகசாலையிலோ பிள்ளைகள் மாலையில் கூடும் மண்டபத்திலோ தோட்டக் கமிட்டியின் பொறுப்பில் ஓர் இணைப்பு வேண்டும். கணக்குப் பக்கத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும், செலவை எழுதிவைக்கும் ஒருவரும் இருந்தால் போதும். சந்தா சேர்த்து மரண உதவிச் சங்கம் நடத்துகிற நமக்கு இது முடியாத காரியமா?

வீட்டுக்குள் செய்ய வேண்டியது நம் கடமை. வீட்டுக்கு வெளியே உள்ளதற்கு மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். பல தோட்டங்களில் கம்பி பங்களா வரையும் ஒபிஸ் வரையும் வருகிறது, லயத்துக்கு வருவதில்லை. இணைப்புக்கு விண்ணப்பித்தால் வீட்டு முகவரி கேட்கிறார்கள். 200 வருடம் இந்த மண்ணில் உழைத்த நமக்கு லய இலக்கம் இருக்கிறது, தனி முகவரி பலருக்கு இல்லை. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று. இருந்தும் நாம் கையொப்பமிடும் படிவம் நமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் நீட்டப்படுகிறது. லயத்துக்குக் கம்பி இழுக்கவும் தூண் நடவும் தோட்ட நிர்வாகங்கள் தடையின்றி அனுமதி தர வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் முகவரி வேண்டும். ஒப்பந்தமும் விளக்கமும் தமிழில் வேண்டும். டவர் எட்டாத டிவிசன்களின் பெயர்களைத் தோட்டத் தலைவர்கள் எழுதித் தந்தால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் முன் சங்கத்தின் பெயரில் அவற்றை வைப்போம்.

அதற்கு முன், இன்று மாலை மலையிலிருந்து இறங்கியதும் ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியைத் திருப்பி அந்த ஸ்டிக்கரைப் பாருங்கள். கடவுச்சொல் இன்னும் அதேதான் என்றால், வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, இருவருமாக மாற்றுங்கள். அந்தப் பிள்ளைக்கும் தெரியட்டும், உங்களுக்கும் தெரியட்டும்.