இம்மாதச் சொற்கள்: மழையும் வறட்சியும்

இம்மாதம் நீர்வட்டம் பற்றிய ஆங்கிலச் சொற்களைப் படிப்போம். 'இவாப்பரேஷன்', 'கண்டன்சேஷன்', 'பிரெசிப்பிட்டேஷன்'. பயப்பட வேண்டாம். பள்ளியில் நீங்கள் சொல்லும் 'எவப்பொராட்சியோனே', 'கொந்தென்சாட்சியோனே', 'ப்ரெச்சிபித்தாட்சியோனே'தான் இவை; இரு மொழிக்கும் லத்தீனிலிருந்து வந்தவை. தமிழில் ஆவியாதல், ஒடுங்குதல், படிவுவீழ்ச்சி. ஊரில் படித்த அம்மா அப்பாவிடம் இவற்றைக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். யோபு 36:27, 28 வசனங்களையும் தமிழ் வேதாகமத்தில் சேர்ந்து வாசியுங்கள். நீர்த்துளி மேலேறி மழையாவது அங்கே இருக்கிறது.

கடினமானது 'ட்ரவுட்', அதாவது வறட்சி. இத்தாலியனில் 'சிச்சித்தா', ஒற்றுமையே இல்லை. 2024இல் பலெர்மோவில் தண்ணீரை முறைவைத்து விட்டபோது வாளி வாளியாய் நிரப்பி வைத்தோமே, அதற்குக் காரணம் இதுதான். எழுதும்போது நடுவில் 'ஜி', 'எச்' வரும், வாயில் வராது. நாங்களும் முதலில் அவற்றை விட்டுவிட்டுத்தான் எழுதினோம்.