குண்டு எழுத்துக்கு ஒரு வரி போதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வேர்டைத் திறந்ததும் முதலில் விளையாடிப் பார்ப்பது பான்ட் பட்டியலில்தான். நானும் அப்படித்தான். கல்லூரி இறுதியாண்டில் என் பயோடேட்டா முழுவதையும் 'ராக்வெல் எக்ஸ்ட்ரா போல்டு' எழுத்தில் அடித்தேன். இரண்டு பக்கம் வந்தது. கம்பீரமாக இருப்பதாக எனக்கு நினைப்பு. வாங்கிப் பார்த்த சீனியர், "இது பயோடேட்டாவா, ஏல நோட்டீஸா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆங்கில எழுத்தின் கோடுகள் முடியும் இடத்தில் வரும் சிறு குறுக்குக் கோட்டுக்கு 'செரீப்' என்று பெயர். டைம்ஸ் நியூ ரோமனில் அது மெலிந்து கூராக முடியும். ராக்வெல்லில் செங்கல் வைத்தது போலத் தடித்த பட்டையாக நிற்கும். இதைத்தான் 'ஸ்லாப் செரீப்' என்கிறார்கள். இவ்வகை எழுத்துகள் 1810களில் லண்டனில் அச்செழுத்து வார்த்தவர்களிடம் பிறந்தவை. தெருவில் போகிறவரை நிறுத்திப் படிக்க வைக்கும் விளம்பரங்களுக்கே இவை அதிகம் பயன்பட்டன. ராக்வெல், 1934-ல் இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனம் வெளியிட்டது.

தூரத்தில் இருந்து பார்க்க உதவும் அந்தத் தடிமனே, கிட்டத்தில் படிக்கும்போது தொல்லையாகிறது. எக்ஸ்ட்ரா போல்டில் 'இ', 'ஏ' போன்ற சிறிய ஆங்கில எழுத்துகளின் உள்ளே இருக்கும் வெள்ளை இடைவெளி மிகவும் குறுகிவிடும். 10, 11 பாயின்ட் அளவில் பத்தி முழுவதும் கறுப்புத் திட்டாகத் தெரியும். எல்லா வரியும் உரக்கப் பேசினால் எந்த வரி முக்கியம் என்று எப்படித் தெரியும்?

அதற்காக இந்த எழுத்தே வேண்டாம் என்று ஒதுக்குவதையும் நான் ஏற்க மாட்டேன். கடை விலைப் பலகை, கதவில் ஒட்டும் அறிவிப்பு, பிராஜக்ட் அட்டையின் தலைப்பு ஆகியவற்றுக்கு ராக்வெல் நன்றாகப் பொருந்தும். 24 பாயின்ட்டுக்கு மேல், ஒன்றிரண்டு வரி மட்டும் அமையுங்கள். மற்றதைச் சாதாரண எழுத்தில் விடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ராக்வெல்லில் தமிழ் எழுத்துகள் கிடையாது. தமிழ் வரியைத் தேர்வு செய்து ராக்வெல் கொடுத்தாலும் வேறு தமிழ் பான்ட்டில்தான் தெரியும். அடுத்து, இந்த பான்ட் மைக்ரோசாப்ட் ஆபீஸ் தொகுப்புகள் பலவற்றுடன் வந்தாலும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்காது. இல்லாத இடத்தில் வேர்டு பைலைத் திறந்தால் வேறு எழுத்து வந்து உட்கார்ந்து, வரிகள் இடம் மாறிவிடும். பிரிண்ட் எடுக்க வெளியே கொண்டு போவதானால் 'சேவ் அஸ்' சென்று பி.டி.எஃப். ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

என் பயோடேட்டா என்ன ஆயிற்று என்கிறீர்களா? சீனியர் என் பெயரை மட்டும் ராக்வெல்லில் விட்டு, மீதியை மாற்றச் சொன்னார். இரண்டு பக்கம் ஒரே பக்கமானது. மேசையில் இருந்த காகிதக் கட்டில் என் பெயர் தனியாகத் தெரிந்தது. நான் முதலில் ஆசைப்பட்டதும் அதற்குத்தானே!